ஸ்தோத்திர நோட்டு தொடங்குவது எப்படி: நேரம், செலவு, காகிதங்கள், கவனிக்க வேண்டியவை

கர்த்தர் செய்த நன்மைகளை நினைத்துப் பாருங்கள் என்று ஞாயிறுதோறும் கேட்கிறோம். எப்படி நினைத்துப் பார்ப்பது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. நான் வளர்ந்தது தூத்துக்குடி மாவட்டத்தில், ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில். குடும்ப ஜெபம் தவறாத வீடுதான். ஆனாலும் ஜெபத்தில் கேட்பதற்கு எப்போதும் நீளமான பட்டியல் இருக்கும். நன்றி என்று வரும்போது நாலு மனப்பாட வரிகளோடு முடிந்துவிடும். அப்பா சிறுநீரகக் கோளாறில் படுத்த பிறகு அந்த நாலு வரியும் வாயில் வர மறுத்தன. கடவுள் அன்றாடம் நமக்கு ஏதோ செய்துகொண்டுதான் இருக்கிறார் என்ற நம்பிக்கை போகவில்லை. அதைக் கண்டுகொள்ளும் வழிதான் பிடிபடவில்லை.

அதற்கு எனக்கு உதவியது ஸ்தோத்திர நோட்டு, அதாவது கிடைத்த நன்மைகளை அன்றன்று நன்றியோடு எழுதி வைக்கும் நோட்டு. சபையில் மூத்தவர்கள் சொன்னதையும், வீட்டில் அதை எழுதிப் பழகியதில் தெரிந்துகொண்டதையும் வரிசையாகத் தருகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் உங்களுக்குப் பல மாதம் மிச்சமாகும். கத்தோலிக்கர்கள் 7-வது படியில் தங்களுக்கான பகுதியைப் பார்க்கலாம். மற்ற சமயத்தவர்களுக்கும் முதல் நான்கு படிகள் அப்படியே பொருந்தும்.

தொடங்கும் முன்: என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு பேனா, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் வேதாகமம், பில்களும் ரசீதுகளும் போட்டு வைக்க ஒரு பழைய கவர். எல்லாம் சேர்த்து 100 ரூபாய்க்குள் முடிந்துவிடும். விலை உயர்ந்த தோல் அட்டை நோட்டு வாங்காதீர்கள். அதில் கிறுக்கலாக எழுத மனசு வராது. அழகாக எழுத வேண்டும் என்று காத்திருந்து காலம் போகும்.

தேதி அச்சடித்த டைரியும் வேண்டாம். காரணம் எளிது. நாலு நாள் விட்டுப்போனால் நாலு வெற்றுப் பக்கம் கண்ணில் குத்தும். ஐந்தாம் நாள் அதைத் திறக்கவே பிடிக்காது. சாதாரண நோட்டில் தேதியை நீங்களே எழுதிக்கொண்டு போனால் விட்ட நாள் தெரியாது. நிறைய பேர் ஜனவரியில் தொடங்கி பிப்ரவரியில் நிறுத்துவதற்கு இந்த டைரிதான் காரணம் என்பது என் எண்ணம்.

போனில் எழுதலாமா என்று இளையவர்கள் கேட்பார்கள். எழுதலாம், ஆனால் போனைத் திறந்ததும் வாட்ஸ்அப்பில் பதினைந்து செய்தி காத்திருக்கும். எழுத வந்த விஷயம் அதற்குள் போய்விடும். வழியில் சட்டென்று ஒன்று தோன்றினால் போனில் ஒரு வார்த்தை குறித்துக்கொள்ளுங்கள். ராத்திரி நோட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், மாதத்தில் ஒரு அரை மணி நேரம், வருடத்தில் ஒரு மாலை. இவ்வளவுதான் இதற்கு ஆகும் நேரம். பழக்கமாகப் படிவதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் எழுத ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். அது எல்லோருக்கும் வருவதுதான்.

1. முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள்

படுக்கப் போகும்போது எழுதலாம் என்று நினைக்காதீர்கள். தூக்கம் ஜெயித்துவிடும். குடும்ப ஜெபம் உள்ள வீடு என்றால் ஜெபத்துக்கு முந்தைய பத்து நிமிடம்தான் சரியான நேரம். எழுதியது சூடாக இருக்கும்போதே ஜெபத்தில் சொல்லிவிடலாம். சமையல்கட்டில் ராத்திரி ஒன்பது மணி வரை நிற்கிறவர்களுக்கு அது ஒத்துவராது. அவர்கள் காலையில் முதல் காபியோடு முந்தைய நாளைப் பற்றி எழுதுவது நல்லது. துறைமுகத்திலோ அனல் மின் நிலையத்திலோ ஷிப்ட் வேலை பார்க்கிறவர்கள் கடிகார நேரத்தை விட்டுவிட்டு, வேலை முடிந்து வந்து குளித்த பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தை இன்னொரு வேலையோடு சேர்த்துக் கட்டுவதுதான் இதில் முக்கியம். 8.30 மணி என்று வைத்தால் ஒரு நாள் தவறும், மறுநாளும் தவறும். விளக்கைப் போட்டுப் பாயை விரித்து ஜெபத்துக்கு உட்காரும்போது என்று வைத்தால் தவறாது.

2. மூன்று வரி எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆளோ இடமோ நேரமோ இருக்கட்டும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஜெபங்களில் நன்றிக்கென்று அழகான வரிகள் இருக்கின்றன. ஜீவன் சுகம் பெலன் தந்தீரே. கண்ணின் மணியைப் போல் காத்தீரே. போக்கையும் வரத்தையும் ஆசீர்வதித்தீரே. பாட்டி காலத்திலிருந்து சொல்லிவருகிற இந்த வரிகளை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் நோட்டில் அவற்றை அப்படியே எழுதினால் மூன்றாம் நாளே சலித்துவிடும். ஒவ்வொரு வரிக்கும் அந்த நாளின் உடம்பைக் கொடுக்க வேண்டும்.

"போக்கையும் வரத்தையும் ஆசீர்வதித்தீர்" என்பதை இப்படி எழுதிப் பாருங்கள்: "திருச்செந்தூர் ரோட்டில் லாரி ஒன்று எதிரே ஏறி வந்தது. பஸ் டிரைவர் நிதானமாக ஒதுக்கி நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை." "சுகம் தந்தீர்" என்பதை: "அம்மா இன்று மாடிப்படி நடுவில் நிற்காமல் ஏறினாள்." "ஆகாரம் தந்தீர்" என்பதை: "சாளை மீன் மலிவாகக் கிடைத்தது. பக்கத்து வீட்டு அக்கா முருங்கைக்காய் ஐந்து கொடுத்தார்கள்."

வித்தியாசம் தெரிகிறதா? முதல் வகை வரியை ஊரில் யார் வேண்டுமானாலும் எந்த நாளிலும் எழுதலாம். இரண்டாவதை நீங்கள் மட்டும்தான், அந்த நாளில் மட்டும்தான் எழுத முடியும். கடவுள் பொதுவாக நல்லவர் என்று ஒத்துக்கொள்வது ஒன்று. செவ்வாய்க்கிழமை மத்தியானம் எனக்கு இதைச் செய்தார் என்று அறிந்துகொள்வது இன்னொன்று. சங்கீதம் 103-இல் தாவீது தன் ஆத்துமாவைப் பார்த்து உபகாரங்களை மறக்காதே என்கிறான். அதோடு நிறுத்தாமல் அக்கிரமத்தை மன்னித்தது, நோயைக் குணமாக்கியது, பிராணனை அழிவுக்கு விலக்கியது என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகிறான். அந்த வழியைத்தான் நாமும் பிடிக்கிறோம்.

எழுத ஒன்றுமே தோன்றாத நாளில் மூன்று கேள்விகள் உதவும். இன்று எது நடக்கும் என்று பயந்து, நடக்காமல் போனது? இன்று யார் எனக்காகக் கொஞ்சம் காத்திருந்தார்கள்? இன்று எந்தப் பொருள் மக்கர் பண்ணாமல் ஓடியது? மோட்டார் போட்டதும் தண்ணீர் ஏறியது என்பது நோட்டில் எழுதத் தகுந்த விஷயம்தான். தாமிரபரணி பொதிகையில் பிறந்து 120 கிலோமீட்டருக்கு மேல் ஓடி புன்னைக்காயலில் கடலோடு சேர்கிறது. அந்தத் தண்ணீர்தான் நம் மாவட்டத்தில் பல வீட்டுக் குழாயில் வருகிறது. குழாயைத் திறக்கும்போது ஒரு மலையின் பெயரும் நினைவுக்கு வரட்டும்.

கவனம்: மூன்றுக்கு மேல் எழுதாதீர்கள். முதல் வாரத்து உற்சாகத்தில் இருபது வரும். பிறகு மூன்று வரும் நாளில் குறைந்துபோனது போல இருக்கும்.

இன்னொரு கவனம். அடுத்தவர் கஷ்டத்தை அளவுகோலாக வைத்து நன்றி எழுதாதீர்கள். "அவர்கள் வீட்டைப் போல எங்கள் வீட்டை ஆக்காததற்கு ஸ்தோத்திரம்" என்ற வரி மிகச் சுலபமாக வரும். லூக்கா 18-இல் வரும் பரிசேயனும் ஸ்தோத்திரம்தான் செலுத்தினான். மற்றவர்களைப் போல நான் இல்லை என்பதுதான் அவனுடைய ஸ்தோத்திரம். கஷ்டப்படுகிறவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. அப்பாவுக்கு வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் டயாலிசிஸ். அந்த அறையில் இருந்தவர்கள் எதற்கெல்லாம் நன்றி சொன்னார்கள் என்று கேட்டிருக்கிறேன். ஊசி ஒரே குத்தில் ஏறியதற்கு. இன்றைக்கு இன்னும் அரை டம்ளர் தண்ணீர் குடிக்கலாம் என்று சிஸ்டர் சொன்னதற்கு. அவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு நான் எழுதிய எந்த வரியும், அவர்கள் தாங்களே சொன்ன அந்த வரிகளுக்குப் பக்கத்தில் வராது.

3. மாதம் ஒரு முறை வீட்டுக் காகிதங்களை எடுத்து வைத்து உட்காருங்கள்

இதை எங்கள் சபையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் சொல்லித் தந்தார். மனசுக்கு மறதி உண்டு, காகிதத்துக்குக் கிடையாது என்பார். மாதக் கடைசியில் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, கவரில் சேர்ந்த காகிதங்களைப் பாயில் பரப்புங்கள். எவை உதவும் என்று சொல்கிறேன்.

ஆஸ்பத்திரி ஃபைல். வீட்டில் யாராவது அறுவை சிகிச்சை செய்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து நிதானமாக வாசியுங்கள். சேர்த்த நாளில் ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது, அனுப்பிய நாளில் எவ்வளவு இருந்தது என்று அதில் இருக்கும். அன்று அந்தத் தாளைப் பில்லோடு சேர்த்து மடித்து வைத்திருப்போம், படித்திருக்க மாட்டோம். நாம் தவித்த ஒவ்வொரு நாளும் அதில் ஒரு வரியாக இருக்கும். அந்த வரிகளுக்கு எதிரே நோட்டில் உங்கள் வரியை எழுதுங்கள். ரத்தம் கொடுத்தவர் யார், ராத்திரி துணைக்கு இருந்தது யார், முதல் முறை கஞ்சி இறங்கியது எந்த நாள் என்று நினைவு வரும்.

பழைய லேப் ரிப்போர்ட்டுகளில் 'நார்மல்' என்று வந்தவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் அவற்றைத்தான் முதலில் எடுப்பேன். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று எழுதியிருந்தால், ஒரு நாளைக்கு 1 லட்சம் துடிப்புக்கு மேல் ஆகிறது. அதில் ஒன்றுக்குக்கூட நாம் உத்தரவு போடவில்லை.

மின் கட்டண விவரம். ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு அதில் முதல் 100 யூனிட் இலவசம். கோடையில் ராத்திரி முழுக்க மின்விசிறி ஓடிய கணக்கு அந்தத் தாளில் இருக்கிறது. பாஸ்புக்கை எடுத்தால் பணம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் பார்க்காமல், எந்தச் செலவை எப்படித் தாண்டினோம் என்று பாருங்கள். பள்ளிக்கூடக் கட்டண ரசீது, மருந்துக் கடைச் சீட்டு, பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை எல்லாம் இதற்கு ஆகும். ரேஷன் அட்டையில் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, அந்தந்த ஆளுக்காக ஒரு வரி எழுதுகிற குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும். அது நல்ல வழி.

கவனம்: இந்த அரை மணி நேரத்தில் வரவு செலவுக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடாதீர்கள். "இந்த மாதம் பால் பில் ஏன் இவ்வளவு?" என்று ஒருவர் கேட்டால் போதும், ஸ்தோத்திரம் சண்டையில் முடியும். பட்ஜெட்டுக்கு வேறு நாள் வையுங்கள்.

4. யார் கை வழியாக வந்தது என்று எழுதி, அவர்களிடமும் சொல்லுங்கள்

நோட்டின் வலது ஓரத்தில் ஒரு சிறிய பத்தி கோடு போட்டு, அதில் ஆள் பெயர் எழுதுங்கள். நன்மை கர்த்தரிடமிருந்து வந்தது. ஆனால் அது பெரும்பாலும் ஒரு மனிதர் கையில் ஏறித்தான் நம் வீட்டுக்கு வருகிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு அந்த மனிதரைக் கண்டுகொள்ளாமல் போவது நம் விசுவாசக் குடும்பங்களில் அதிகம் நடக்கிறது. இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தில் பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. ஏறக்குறைய 800 பயணிகள். சுற்றிலும் வெள்ளம். பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள் தங்களிடம் இருந்த அரிசியையும் பாலையும் கொண்டு அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். அந்த ரயிலில் இருந்தவர்கள் "கடவுள் காப்பாற்றினார்" என்று சொன்னால், அதற்குள் புதுக்குடி என்ற பெயரும் இருக்க வேண்டும்.

நன்றி சொல்வதில் நேரமும் முக்கியம். லேவியராகமம் 7-ஆம் அதிகாரத்தில் ஸ்தோத்திர பலியின் மாம்சத்தை அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும், விடியும் வரை வைக்கக் கூடாது என்று இருக்கிறது. பொருத்தனை (நேர்த்திக்கடன்) பலிக்கு மறுநாள் வரை தவணை உண்டு, ஸ்தோத்திரத்துக்கு இல்லை. அன்றைக்கே தீர வேண்டும் என்றால் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டால்தான் முடியும். லூக்கா 17-இல் இயேசு குணமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றி சொல்லத் திரும்பி வராமல் போன ஒன்பது பேரும் இயேசு சொன்னபடி ஆசாரியரிடம் காட்டத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். சுத்தமாகிவிட்டான் என்று ஆசாரியர் சொன்னால்தான் ஊருக்குள் போக முடியும். அந்தச் சான்றிதழ் வேலையை நிறுத்திவைத்துத் திரும்பி வந்தவன் ஒருவன்தான்.

ஆகவே அன்றைக்கே ஒரு போன், ஒரு வார்த்தை. முடியாவிட்டால் அந்த வாரத்துக்குள். குப்பை வண்டிக்காரர், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர், ராத்திரி ஆட்டோவில் வந்தவர் இவர்களிடம் என்ன சொன்னீர்கள் என்பதையும் எழுதுங்கள். செலவு ஒன்றும் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தால் பத்துப் பதினைந்து ரூபாய். வீட்டுக்குள் சொல்வதுதான் கஷ்டம். மூன்று வேளையும் சமைக்கிறவரிடம் "இன்றைக்குப் புளிக்குழம்பு நன்றாக இருந்தது" என்று சொல்ல நம் ஆண்களுக்கு நா எழுவதில்லை. அந்த வரியை நோட்டில் எழுதி, ஜெபத்தில் சத்தமாக வாசித்துவிடுங்கள். காது கேட்கும் தூரத்தில்தானே இருப்பார்கள்.

கவனம்: கூலி பாக்கி இருக்கிற முதலாளிக்கும், கை ஓங்குகிறவருக்கும் நன்றி சொல்லி அடங்கிப் போக வேண்டும் என்று யாராவது உங்களுக்குப் புத்தி சொன்னால் கேட்காதீர்கள். நியாயமாக வர வேண்டியதைக் கேட்டு வாங்குவதற்கும் நன்றியுள்ள இருதயத்துக்கும் பகை இல்லை.

5. சொந்த வார்த்தை வராதபோது சங்கீதத்தை எடுங்கள்

எது எதற்கு என்று ஒரு சிறு குறிப்பை நோட்டின் உள் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டால் தேட வேண்டாம். நோய் தீர்ந்ததற்கு 30, 116. மழைக்கு 65. பயணத்துக்கு 121. கடலுக்குப் போய்த் திரும்பிய வீட்டாருக்கு 107. அதில் கப்பல் ஏறினவர்களைப் பற்றிய பகுதியை நம் கரையோர ஊர்களில் வாசிக்கும்போது குரல் மாறுவதைக் கவனித்திருக்கிறேன். காலை மாலை இரண்டுக்கும் 92.

குழந்தைகள் உள்ள வீட்டில் 136-ஐ எடுங்கள். 26 வசனம், ஒவ்வொன்றின் முடிவிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று வரும். ஒருவர் முதல் பாதியை வாசிக்க, மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். முடிந்த பிறகு நிறுத்தாமல், அன்றைய நோட்டு வரிகளையும் அதே மாதிரி ஒவ்வொருவராகச் சொல்லுங்கள். "கணக்கு டீச்சர் இன்று திட்டவில்லை" என்று சின்னவன் சொன்னாலும் எல்லோரும் அதே பதிலைத்தான் சொல்ல வேண்டும். சிரிப்பு வரும், வரட்டும். பிள்ளைகளை நோட்டு எழுதச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்; வீட்டுப்பாடம் ஆகிவிடும். அவர்கள் சொன்னதை நீங்கள் எழுதுங்கள்.

6. நன்றி வராத நாட்களில்

இந்தப் பகுதியை எழுத வேண்டும் என்பதற்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன் என்றும் சொல்லலாம். அப்பா இறந்த பிறகு வீட்டுக்கு வந்தவர்களில் சிலர், "எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள், அதுதான் விசுவாசம்" என்றார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் துக்க வீட்டில் அந்த வார்த்தை பாரமாக விழும். வேதமே அப்படி அவசரப்படுத்துவதில்லை. சங்கீதம் 13 "எதுவரைக்கும்" என்று கேட்டுத்தான் தொடங்குகிறது. 88 கடைசி வரை இருட்டிலேயே நிற்கிறது. அதையும் சங்கீதப் புத்தகத்திலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை.

அப்படிப்பட்ட நாளில் செய்ய வேண்டியது இது. நோட்டைத் திறந்து தேதியை மட்டும் எழுதுங்கள். முடிந்தால், என்ன வலிக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். நன்றி வரி கட்டாயம் இல்லை. சில வாரம் இப்படியே போகலாம். பிறகு ஒரு நாள், இழந்தவரைப் பற்றியே ஒரு வரி வரும்: அப்பா பேப்பர் வாசிக்கும்போது எங்களைக் கூப்பிட்டு ஏதாவது ஒன்றைச் சத்தமாக வாசித்துக் காட்டுவார் என்று. எனக்கு வந்த வரி அதுதான். அது நன்றியா துக்கமா என்று பிரிக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே வரியில் இருக்கலாம்.

துக்கத்தில் இருக்கிறவருக்கு நீங்கள் உதவப் போகிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரையை அனுப்பாதீர்கள். சாப்பாடு எடுத்துக்கொண்டு போங்கள்.

மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்து, தூக்கமும் பசியும் போய்விட்டால் நோட்டு அதற்கு மருந்து ஆகாது. டாக்டரைப் பார்க்க வேண்டும். டாக்டரிடம் போவதால் ஜெபம் குறைந்துவிடாது.

7. சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை செலுத்த

பிறந்தநாள், திருமண நாள், பரீட்சை, வேலை, வீடு, நோய் நீங்கியது என்று எதற்கும் செலுத்தலாம். பெரிய காரியம் நடந்தால்தான் என்று இல்லை.

ஞாயிறு ஆராதனையில் உங்கள் ஸ்தோத்திரத்தை வாசிக்க வேண்டும் என்றால், சனிக்கிழமைக்குள் குருவானவரிடமோ சபை ஊழியரிடமோ சொல்லிவிடுங்கள். ஆராதனை தொடங்கும் நேரத்தில் ஓடிப்போய்த் துண்டுச் சீட்டு நீட்டினால் பெயர் தவறாக வாசிக்கப்படும், அல்லது விட்டுப்போகும். காணிக்கைக் கவரின் மேல் குடும்பத் தலைவர் பெயர், என்ன காரணம், தொகை மூன்றையும் தெளிவாக எழுதுங்கள். பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றால் "ஒரு குடும்பத்தார்" என்று எழுதலாம், அப்படியே வாசிப்பார்கள். ரசீது தந்தால் வாங்கி 3-வது படியில் சொன்ன கவரில் போடுங்கள். வெளியூரிலிருந்து வந்து சொந்தச் சபையில் செலுத்துகிறவர்கள் முந்தின வாரமே போன் செய்துவிடுவது நல்லது. அறுப்பின் பண்டிகை ஞாயிறு, டிசம்பர் 31 இரவு ஆராதனை போன்ற நாட்களில் பெயர்கள் மிக அதிகமாக இருக்கும். தனியாக ஜெபிக்க வேண்டும் என்று விரும்பினால் வேறு ஞாயிறைத் தேர்ந்தெடுங்கள்.

தொகைக்கு அளவு இல்லை. பக்கத்து வீட்டார் எவ்வளவு எழுதினார்கள் என்று பார்க்க வேண்டாம். அறுப்பின் பண்டிகைக்கு வாழைத்தார், தேங்காய், முட்டை, கோழி என்று பொருளாகவே கொண்டுபோகலாம். ஆராதனை முடிந்து ஏலம் விடுவார்கள். வீட்டு முருங்கையில் காய்த்தது நாலுதான் என்றாலும் கொண்டுபோங்கள்.

கத்தோலிக்கர்கள் நன்றித் திருப்பலிக்குப் பங்கு அலுவலகத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். சாதாரண நாள் என்றால் சில நாள் முன்பு போதும். ஞாயிறும் திருவிழாக் காலமும் சீக்கிரம் நிரம்பிவிடும். கருத்தை ஒரே வரியில் எழுதிக்கொண்டு போங்கள். காணிக்கைத் தொகை அலுவலகத்தில் சொல்வார்கள். கையில் பணம் இல்லாதவர் தயங்க வேண்டியதில்லை. ஏழைகளுக்குக் காணிக்கை இல்லாமலும் திருப்பலி நிறைவேற்றும்படி திருச்சபைச் சட்டமே குருக்களை வலியுறுத்துகிறது. வேளாங்கண்ணிக்கு நன்றி சொல்லப் போகிறவர்கள் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரையிலான திருவிழா நெரிசலைத் தவிர்த்தால் அமைதியாக ஜெபிக்கலாம். அங்கே காணிக்கைப் பொருள்களுக்கென்றே இருக்கும் காட்சியகத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

இந்தப் படியில் மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, கடன் வாங்கி ஸ்தோத்திரக் கூட்டம் வைப்பது. பந்தல், மைக் செட், சேர் வாடகை, பிரியாணி என்று சேர்ந்தால் பல ஆயிரம் போய்விடும். ஸ்தோத்திரம் முடிந்து வட்டி தொடங்கும். பத்துப் பேரைக் கூப்பிட்டு டீயும் மிக்சரும் கொடுத்துச் சங்கீதம் வாசித்தால் அதுவும் ஸ்தோத்திரக் கூட்டம்தான். இரண்டு, சாட்சி சொல்லும்போது அடுத்தவர் நோயையும் கடனையும் ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவது. சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டைப் படம் எடுத்துச் சபை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

மூன்றாவது நம் ஊருக்கே உரியது. விவசாயி வீட்டில் மழைக்கு ஸ்தோத்திரம் சொல்லும் அதே வாரத்தில் உப்பளத்தில் வேலை நின்றிருக்கும். இரண்டு வீட்டாரும் ஒரே சபையில் அடுத்தடுத்த வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். மழைக்காக நன்றி சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே ஜெபத்தில் கூலி இல்லாமல் இருக்கும் உப்பளத் தொழிலாளியின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கை அந்த வீட்டு அரிசிக்கு ஒதுக்க முடியுமா என்று குருவானவரிடம் கேளுங்கள். உபாகமம் 26-இல் விளைச்சலின் முதற்பலன் கூடையைக் கொண்டுவருகிறவன் பரதேசியோடும், அதாவது வேறு நாட்டிலிருந்து வந்து தங்கியிருக்கிறவனோடும், சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறது.

8. விட்டுப்போனால், நோட்டு தீர்ந்தால்

விட்ட நாட்களுக்குச் சேர்த்து எழுத முயலாதீர்கள். இன்றைய தேதியைப் போட்டு மூன்று வரி எழுதினால் போதும். ஒரு மாதமே விட்டுப்போயிருந்தால் காகிதக் கவரிலிருந்து தொடங்குங்கள், அதுதான் சுலபமான வாசல்.

டிசம்பர் 31 மாலை, ராத்திரி ஆராதனைக்குக் கிளம்பும் முன், அந்த வருடத்து நோட்டைக் குடும்பமாக வாசியுங்கள். முழுவதும் வாசிக்க நேரம் இருக்காது. மாதத்துக்கு இரண்டு பக்கம் எடுத்தால் ஒரு மணி நேரத்தில் முடியும். மற்றவர் கேட்க வேண்டாம் என்று நினைக்கும் வரிகளுக்கு எழுதும்போதே ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டால், வாசிக்கிறவர் தாண்டிப் போகலாம்.

தீர்ந்த நோட்டின் அட்டையில் தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் எழுதி, வீட்டுப் பத்திரங்களும் ஞானஸ்நானச் சான்றும் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். கரையான் வராமல் பிளாஸ்டிக் உறை போடுங்கள். புது நோட்டைப் பழையதில் பத்துப் பக்கம் மிச்சம் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். தீர்ந்த பிறகு வாங்கலாம் என்று விட்டால் அந்த இடைவெளியில்தான் பழக்கம் நின்றுபோகிறது.